கண்ணுக்கு மருந்து நம் இரத்தத்திலே



"கண்ணு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்கணும்னு சொல்றாங்க. இது என்ன அநியாயம் தம்பி?" என்று ஓர் அக்காள் 2018-ஆம் ஆண்டில் நம்மைப் பார்த்துக் கேட்டார். தென் கெடாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபது வருஷமாக மருந்தடித்து வந்தவர் அவர். வலது கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் என்றதுமே நாற்காலியை விட்டு எழுந்து, பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்துவிட்டார். மகள்தான் நமக்குப் போன் போட்டாள்.

நடந்தது இதுதான். புல்லுக்கு அடிக்கும் பாராகுவாட் மருந்து. பம்பின் குழாய் மூக்கு அடைத்துக்கொண்டது. குனிந்து அதைத் தட்டி எடுக்கும்போது மருந்து பீச்சிக் கண்ணில் பட்டது. கண்ணாடி கொடுத்திருந்தார்களாம், ஆனால் அது வேர்த்து வேர்த்துப் பனிமூட்டம் போலாகிவிடும் என்று நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். குடிக்கக் கொண்டு போன பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை இரண்டு கை அள்ளிக் கழுவினார். மண்டோர், "நெரை முடிச்சிட்டுப் போம்மா" என்றார். முடித்துவிட்டுத்தான் போனார். டிரஸர் களிம்பு போட்டு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்குப் பெரிய வலி இல்லை. பாராகுவாட்டின் கள்ளத்தனமே அதுதான். ஆசிட் பட்டால் உடனே எரியும், ஆளும் ஓடுவான். இதுவோ சும்மா இருப்பது போல் இருந்து, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக் கருவிழியின் மேல்தோலை உரிக்க ஆரம்பிக்கும். மூன்றாம் நாள் அக்காவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து, களிம்பு எல்லாம் கொடுத்தார்கள். வாரங்கள் ஓடியும் உரிந்த தோல் மூடவில்லை. அவருக்கு இனிப்பு நீர் வேறு. இனிப்பு நீர்க்காரர்களுக்குக் காலில் பட்ட புண் ஆற மறுப்பதை நாம் பார்க்கிறோம் அல்லவா, கருவிழிப் புண்ணும் அப்படியே மெதுவாகத்தான் ஆறும். அந்த நிலையில்தான் டாக்டர் இரத்தம் கேட்டார்.

நாமும் ஆரம்பத்தில் குழம்பித்தான் போனோம். மறுநாள் அக்காவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த டாக்டரம்மாவிடமே கேட்டோம். அவர் பொறுமையாக விளக்கியதையும், பிறகு நாம் தேடிப் படித்ததையும் நம்மவர்களுக்குப் புரிகிற வழியில் சொல்கிறோம்.

பால்மரக் காலத்துப் பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தட்டில் ஊற்றிய பால் உறைந்து கட்டியானதும் ஓரத்தில் தெளிந்த தண்ணீர் பிரிந்து நிற்குமே, இரத்தமும் அப்படித்தான். வெளியே எடுத்துச் சும்மா வைத்தால் தானே உறையும், அதற்கு ஆசிட் ஒன்றும் ஊற்ற வேண்டாம். உறைந்ததை வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் சிவப்பெல்லாம் அடியில் தங்கி, மேலே இளமஞ்சள் நீர் தெளியும். அதன் பெயர் சீரம். அதைக் கிருமியில்லாத உப்பு நீரில் கலந்து சின்னச் சின்னக் குப்பிகளில் அடைப்பார்கள். நூற்றுக்கு 20 பங்கு சீரம் என்ற கலவைதான் அதிகம் பேர் பின்பற்றுவது. நோயைப் பார்த்து இதைவிடக் கெட்டியாகவும் கொடுப்பதுண்டு.

சரி, கண்ணுக்கும் இரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? நம் கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. கருவிழியின் தோலுக்கு உள்ளேயிருந்து சோறு போட இரத்தக் குழாய் கிடையாது. கண்ணீர்தான் அதற்கு வைட்டமின் ஏ-யையும், தோலை வளர்க்கும் சத்துகளையும், புண்ணை ஒட்ட வைக்கும் புரதங்களையும் கொண்டு போய்க் கொடுக்கிறது. கடையில் விற்கும் செயற்கைக் கண்ணீர் ஈரம் தரும், இந்தச் சத்துகளைத் தராது. சீரத்தில் இவை இருக்கின்றன. அதுவும் அவரவர் சொந்த இரத்தம் என்பதால் உடம்பு அதை அந்நியமாக நினைத்து எதிர்க்க வழியில்லை.

இது நேற்று முளைத்த வைத்தியமும் அல்ல. 1975-லேயே அமெரிக்க டாக்டர்கள் இரத்தத்திலிருந்து பிரித்த நீரைக் கண்ணில் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். 1984-ல் கலிபோர்னியாவில் டாக்டர் ஃபாக்ஸ் குழுவினர், கண்ணீரும் எச்சிலும் வற்றிப்போகும் ஷோகிரன் நோய்க்காரர்களுக்குச் சீரத்தைச் சொட்டாகக் கொடுத்தார்கள். 1999-ல் ஜப்பானில் டாக்டர் சுபோட்டா செய்த ஆராய்ச்சிக்குப் பிறகுதான் உலகெங்கும் இது பரவியது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் பழகிப்போன வைத்தியம்.

ஆனால் கண் சிவந்தவர் எல்லாரும் போய் இதைக் கேட்கக் கூடாது. கண் புரைக்கோ, கண் அழுத்தத்துக்கோ இது மருந்தல்ல. ஆறாத கருவிழிப் புண், மற்ற மருந்துக்கு அடங்காத கடுமையான கண் வறட்சி, மருந்தோ அமோனியாவோ பட்டு வெந்த கண் ஆகியவற்றுக்குத்தான். வலிப்புக்கும் கௌட் வாதத்துக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் அரிதாகச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தோல் உரிந்துபோகும். அந்த நோய் கண்ணையும் கெடுக்கும், அவர்களுக்கும் இது கொடுக்கப்படுகிறது. அதிசய மருந்து என்றும் நாம் சொல்ல மாட்டோம். 2017-ல் கண் வறட்சி பற்றிய நல்ல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தவை 5 ஆய்வுகள்தாம், அவற்றில் மொத்தம் 92 பேர். முதல் இரண்டு வாரம் சுகம் தெரியலாம், அதற்கு மேல் உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை என்றார்கள். புண் ஆறுவதைக் கண்ணால் கண்ட டாக்டர்கள் பலர் இதை நம்புகிறார்கள். கருவிழியின் விளிம்பில் தோலை உற்பத்தி செய்யும் வேர்ச்செல்களே செத்துவிட்டால் சீரம் மட்டும் போதாது, அறுவை சிகிச்சைதான்.

அக்காள் ஒருவழியாகக் கையை நீட்டினார். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சில குழாய்கள்தாம் எடுத்தார்கள். இன்னும் கூடுதலாக எடுக்கும் இடங்களும் உண்டு. மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. போன்றவற்றுக்குச் சோதனையும் செய்தார்கள்.

உண்மையான பாடு வீட்டுக்கு வந்த பிறகுதான். கெடாமல் வைக்கும் மருந்து எதுவும் இந்தக் குப்பியில் சேர்ப்பதில்லை. கிருமி விழுந்தால் சோற்றில் ஈ மொய்த்தது போல் பெருகிவிடும். திறக்காத குப்பி ஐஸ் பெட்டியில் உறைந்திருக்க வேண்டும், திறந்தது குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில். திறந்த குப்பியை எத்தனை நாள் வைக்கலாம் என்பது ஆஸ்பத்திரி சொல்கிற கணக்கு, நம் கணக்கல்ல. வெளிச்சமும் ஆகாது. மகள் மீன்காரரிடம் ஒரு வெள்ளைப் பெட்டி வாங்கி, ஐஸ் நிரப்பி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். லயத்தில் மின்சாரம் போனால் பக்கத்துக் கடையின் ஐஸ் பெட்டிக்கு ஓடினாள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சொட்டு விட வேண்டும். ஒருவர் குப்பியை இன்னொருவர் தொடவே கூடாது.

இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே யாரும் இரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி விடுவது எல்லாம் நம் பாட்டிமார் அன்போடு செய்ததுதான். மருந்து பட்ட கண்ணுக்கு அதுவும் வேண்டாம்.

மருந்து பட்ட கண்ணுக்கு முதல் வைத்தியம் தண்ணீர். இரண்டு கை தண்ணீர் அல்ல, இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15, 20 நிமிஷம் ஓடுகிற சுத்தமான தண்ணீர். அமோனியா பட்டால் அதற்கு மேலும், ஏனென்றால் காரம் ஆசிட்டைவிட ஆழமாக இறங்கும். பிறகு மருந்து டின்னின் சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி. சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையிலும், அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. மருந்தடிக்கும் நிரைக்குத் தண்ணீர் டிரம் வராவிட்டால் பம்பைத் தோளில் ஏற்றாதீர்கள் என்று நாம் போகிற தோட்டமெல்லாம் சொல்லி வருகிறோம். பாராகுவாட் 2002-ல் தடை என்றார்கள், 2006-ல் திறந்துவிட்டார்கள், 2020 ஜனவரி முதல் முற்றாகத் தடை. அது போனதால் மற்ற மருந்துகள் பன்னீர் ஆகிவிடவில்லை.

அக்காவின் புண் ஏறக்குறைய ஆறு வாரத்தில் மூடியது. தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் ஆள் தெரியும், முகம் தெரியாது.

வேலையில் பட்ட காயத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு, பக்கத்து லயத்து வங்காளதேசத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள். அக்காள் விஷயத்தில் தோட்டத்து விபத்துப் புத்தகத்தில் அந்த நாளில் ஒரு வரி கூட இல்லை. "வீட்டில் பட்டிருக்கும்" என்றார்கள். நாம் பல மாதம் அலைந்தோம். கடைசியில் கைகொடுத்தது அந்த டிரஸரின் சீட்டுதான். தேதி, நேரம், 'மருந்தடிக்கையில் வலது கண்' என்ற சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. அக்காள் அதை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.