கண்ணகி எப்படிப்பட்டவள்?

இடுக்கி மாவட்டத்தில் குமுளி என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே, தமிழ்நாட்டு எல்லையில், ஒரு மலை. மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயில். ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரா பௌர்ணமி அன்று, மக்கள் அங்கே கூடுகிறார்கள். கேரளத்திலிருந்தும் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள்.

கண்ணகி எப்படிப்பட்டவள்? எருத்தேன்பதியில் கேட்டாலும் இரண்டு பதில் வரும். சிலர் "பொறுமைசாலி" என்பார்கள். சிலர் "மதுரையை எரித்த கோபக்காரி" என்பார்கள். எது சரி?

கண்ணகியின் கதையைச் சொல்லும் நூல் சிலப்பதிகாரம். எழுதியவர் இளங்கோவடிகள். அதைப் படித்துப் பார்ப்போம்.

முதலில் புகார் நகரம். கணவன் கோவலன் மாதவியிடம் போய்விடுகிறான். பொருளை எல்லாம் இழந்து திரும்பி வருகிறான். கண்ணகி சண்டை போடவில்லை. தன் சிலம்பைக் கொடுக்க முன்வருகிறாள். இங்கே அவள் அதிகம் பேசுவதில்லை.

பிறகு மதுரை. சிலம்பு விற்கப் போன கோவலனைத் திருடன் என்று கொன்றுவிடுகிறார்கள். கண்ணகி அரண்மனை வாசலில் வந்து நிற்கிறாள். வாயில் காவலன் அரசனிடம் ஓடுகிறான். "வந்தவள் கொற்றவையும் அல்ல, காளியும் அல்ல. ஆனால் அவ்வளவு கோபம்" என்று சொல்கிறான். சொல்பவன் யார்? பயந்துபோன காவலன். ஆகவே அந்த வரிகளில் கண்ணகியின் கோபமும் தெரிகிறது. அவனுடைய பயமும் தெரிகிறது.

அடுத்து அவளே பேசுகிறாள். தன் ஊரைச் சொல்கிறாள். கணவன் பெயரைச் சொல்கிறாள். தன் பெயரையும் சொல்கிறாள். "என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம்" என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. அரசன் தன் தவறை உணர்கிறான். அங்கேயே உயிர் விடுகிறான்.

வெளியூர்ப் பெண். துணைக்கு யாரும் இல்லை. ஆனாலும் அரசன் முன் நின்று, சான்று காட்டி நியாயம் கேட்டாள். அவளுக்குக் "கோபக்காரி" என்ற ஒரு சொல் போதுமா?

கவிதையோ கதையோ படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்.

இதைச் சொல்வது யார்?
எந்த நேரத்தில் சொல்கிறார்?
அந்த ஆள் என்ன செய்தார்?

பிறர் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம். இப்போது நீங்களே படிக்கிறீர்கள். நீங்களே முடிவு செய்யலாம். பாஞ்சாலி எப்படிப்பட்டவள்? சீதை எப்படிப்பட்டவள்? கூடிப் பேசுங்கள்.