அருஞ்சொல் இல்லாத அருமை: இளம் வாசகர்க்கு எளிய புதுக்கவிதையை அறிமுகப்படுத்தும் முறை

ஆய்வுச்சுருக்கம்

பள்ளியில் செய்யுள் பயின்று வரும் மாணவர்கள், கல்லூரியில் புதுக்கவிதையை எதிர்கொள்ளும்போது எல்லாச் சொற்களும் தெரிந்திருந்தும் கவிதை பிடிபடாத நிலைக்கு உள்ளாகின்றனர். செய்யுளுக்கு உரிய வாசிப்புப் பயிற்சியே புதுக்கவிதைக்கும் பயன்படுத்தப்படுவது இதற்கு முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. எளிய கவிதைகளைத் தேர்வதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் வாசிப்பதற்குமான ஒரு முறையையும் முன்வைக்கின்றது.

திறவுச்சொற்கள்: புதுக்கவிதை, இளம் வாசகர், புலன், வரியமைப்பு, கவிதை கற்பித்தல்

முன்னுரை

குழந்தை முதலில் அறியும் கவிதை பாட்டாகும். அழ. வள்ளியப்பா போன்றோரின் பாடல்கள் பொருளுக்கு முன்பே ஓசையால் குழந்தையைச் சென்றடைகின்றன. அடுத்துப் பள்ளியில் செய்யுள் வருகின்றது. சீர் பிரித்தல், அருஞ்சொற்பொருள், தெளிவுரை, மனப்பாடம் என்பன அங்கு வாசிப்பின் படிகளாகின்றன. புதுக்கவிதையிலோ துணைசெய்யும் சந்தமும் இல்லை; பொருள் தேட வேண்டிய அருஞ்சொல்லும் இல்லை. முந்தைய பயிற்சிகள் இரண்டும் கைகொடாத இவ்விடத்தில்தான் இளம் வாசகர் தடுமாறுகின்றனர்.

வகுப்பறை நிலை

புதுக்கவிதைப் பாடம் பெரும்பாலும் வரலாற்றிலிருந்து தொடங்குகின்றது. 1934இல் மணிக்கொடியில் வெளிவந்த ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’, 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’, 1970களின் தொடக்கத்தில் கோவையில் உருவான வானம்பாடி இயக்கம் என்று அது விரிகின்றது. இவ்வரலாறு ஆய்வாளர்க்கு இன்றியமையாதது. ஆயினும் ஒரு கவிதையைக்கூடத் தாமே வாசிக்காத மாணவரும் இதனை எழுதி மதிப்பெண் பெற்றுவிட இயலும். வணிகவியல், கணினி அறிவியல் முதலான துறைகளில் பயில்வோர் பலர்க்குப் பொதுத்தமிழ்ப் பாடமே வாழ்வில் இறுதியான கவிதை வகுப்பு. அவர்கள் கவிதை வாசகர்களாக வெளியேறுவதும் வெளியேறாமற் போவதும் அச்சில மணி நேரத்தைச் சார்ந்துள்ளன.

எளிமைக்கு மரபில் உள்ள இடம்

எளிய கவிதை தரம் குறைந்தது என்னும் தயக்கம் கற்பிப்போரிடம் உண்டு. தமிழ்க் கவிதையியல் அவ்வாறு கருதவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் ‘புலன்’ ஒன்று. வழக்கில் உள்ள மொழியால் செவ்விதாகச் சொல்லப்பட்டு, ஆராய்ந்து தேட வேண்டாமல் கருதிய பொருள் தோன்றுவது அது. தண்டியலங்காரமும் செய்யுளின் குணங்களுள் ‘தெளிவு’ என்பதைச் சேர்த்துள்ளது. ஆகவே எளிமையும் கவிதையின் அழகுகளுள் ஒன்றாக நெடுங்காலமாகவே ஏற்கப்பட்டுள்ளது எனலாம்.

அருமை எங்குள்ளது?

கவிதையின் கடினம் சொல்லில் உள்ளது என்றே மாணவர் பழகியுள்ளனர். சொல் தெரிந்தால் பொருள் தெரியும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. அதனால் எளிய சொற்களாலான கவிதையைக் கண்டதும் ‘இதில் விளக்க ஒன்றுமில்லை’ எனக் கடந்து செல்கின்றனர். புதுக்கவிதையின் அருமையோ பேசுவோர் யார், எந்தத் தொனியில் பேசுகின்றார், எதனைச் சொல்லாமல் விடுகின்றார், வரி எங்கு முறிகின்றது என்பனவற்றில் அமைகின்றது.

வரி முறிவை விளக்க, இக்கட்டுரைக்கென அமைத்த ஒரு தொடரைக் காணலாம்: ‘அம்மா இல்லாத வீட்டில் அடுப்பு எரிகிறது.’ ஒரே வரியாக நிற்கையில் இது ஒரு செய்தி. ‘அம்மா / இல்லாத வீட்டில் / அடுப்பு எரிகிறது’ எனப் பிரித்தால், முதல் வரி அம்மாவைக் கொணர்கின்றது. அடுத்த வரி அவரை அகற்றிவிடுகின்றது. ‘அம்மா இல்லாத வீட்டில் / அடுப்பு / எரிகிறது’ எனப் பிரித்தால், தனித்து நிற்கும் அடுப்பின்மீது கவனம் குவிந்து, அதனை மூட்டியவர் யார் என்னும் வினா எழுகின்றது. சொற்கள் மாறவில்லை, வாசிப்பு அனுபவம் மாறியுள்ளது. யாப்பில் தளையும் அடியும் செய்த பணியின் ஒரு பகுதியை இங்கு வரியமைப்பு ஏற்கின்றது. இத்தகைய தொடர்களை மாணவரே எழுதிப் பிரித்துப் பார்க்கும் பயிற்சிக்குக் கரும்பலகை ஒன்றே போதும்.

தேர்வும் வரிசையும்

அறிமுக வரிசை காலவரிசையாக இருத்தல் வேண்டுவதில்லை. இன்றைய நகர வாழ்வையும் குழந்தைகளையும் இரயில் பயணங்களையும் பேச்சுக்கு நெருங்கிய உரைநடையில் எழுதும் முகுந்த் நாகராஜனிடமிருந்து தொடங்கலாம். அன்றாடத்தின் சிறு காட்சிகளில் நின்று கவனிக்கும் கல்யாண்ஜி அடுத்து வரலாம். 1988இல் வெளிவந்த த. பழமலயின் ‘சனங்களின் கதை’ நடுநாட்டு மக்களின் வாழ்வையும் வழக்கையும் கவிதைக்குள் கொணர்ந்தது. தம் வீட்டு மொழிக்கும் கவிதையில் இடமுண்டு என மாணவர் உணர அது உதவும். அதன்பின், சொல்வதும் கருதுவதும் வேறாகும் அங்கதத்திற்கு ஞானக்கூத்தனின் ‘அன்று வேறு கிழமை’ (1973) தொகுப்பையும், படிமச் செறிவிற்கு அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’யையும் (1974) பயிற்றலாம். இவ்வாறு பழகிய மாணவர்க்குப் பிச்சமூர்த்தியும் ‘எழுத்து’ம் மனப்பாடப் பெயர்களாக நில்லாமல், தாம் வாசித்தவற்றின் முன்னோடிகளாகத் தோன்றுவர்.

வினா அமைப்பு

‘இக்கவிதையின் மையக்கருத்து யாது?’ என்னும் வினா, கவிதையை ஒரு வரி அறிவுரையாகச் சுருக்கிவிடுகின்றது. மாறாக, இருமுறை உரக்க வாசித்தபின், ‘பேசுவது யார்?’, ‘எந்தச் சொல்லில் குரல் மாறுகின்றது?’, ‘இறுதி வரியை நீக்கினால் இழப்பது என்ன?’ என வினவலாம். இவற்றிற்கு உரைநூலில் விடை இராது. மாணவர் கவிதைக்கே திரும்பியாக வேண்டும். விடைகள் வேறுபடினும், கவிதையின் சொல்லைச் சான்றாகக் காட்டும் விடையை ஏற்கலாம். மதிப்பீட்டிற்கும் அதுவே அளவுகோலாகும்.

முடிவுரை

எளிய கவிதையே போதும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. எளிய கவிதையில் தொனியையும் இடைவெளியையும் கவனிக்கப் பழகியவரே செறிவான கவிதையின் முன் அஞ்சாது நிற்பர். புதுக்கவிதைப் பாடத்தின் முதல் வகுப்பில் வரையறையும் வரலாறும் சற்றுக் காத்திருக்கலாம். ஒரு கவிதையை உரக்க வாசித்து, மாணவர் பேசும்வரை ஆசிரியர் காத்திருப்பதே அவ்வகுப்பின் முதற்பணியாதல் வேண்டும்.