குளத்தோரம் விளக்கா? அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது?

நீச்சல் குளம் கட்டி முடித்ததும் அடுத்த ஆசை விளக்குதான். கிழக்குக் கடற்கரைச் சாலையின் வார இறுதி வீடுகளிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுக் குளங்களிலும் பொழுது சாய்ந்தால் செடிகளுக்கு அடியிலும் நடைபாதை ஓரத்திலும் மஞ்சள் வெளிச்சம். “வெறும் 12 வோல்ட்தான் சார், தொட்டாலும் ஒண்ணும் ஆகாது” என்பார் வேலைக்கு வருபவர். அவர் சொல்வது பாதி உண்மை.

மீதிப் பாதி, அந்த 12 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற 230 வோல்ட்டை ஒரு பெட்டி 12 ஆகக் குறைத்துக் கொடுக்கிறது. பெட்டிக்கு ஒரு பக்கம் 230, மறுபக்கம் 12; நடுவில் ஒரு காப்பு. மழையிலோ உப்புக் காற்றிலோ அந்தக் காப்பு கெட்டால், 230 வோல்ட் நேராகத் தோட்டத்து வயருக்குள் இறங்கிவிடும். விளக்கு எத்தனை உசத்தி ரகமாக இருந்தாலும் அதைத் தடுக்காது.

நனைந்த உடம்புக்கு இது இன்னும் ஆபத்து. மின்சாரத்துக்கு உடம்பு காட்டும் முதல் தடை தோல்தான். ஈரத்தில் அந்தத் தடை வெகுவாகக் குறைந்துவிடும். தண்ணீரில் இருப்பவரின் கை கால் தசைகள் இறுகி, நீந்த முடியாமல் போனாலே போதும். கரையில் நிற்பவர்களுக்கு, அவர் நீச்சல் தெரியாமல் மூழ்குவதாகத்தான் தெரியும்.

இதனால்தான் ஐ.இ.சி. எனப்படும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் குளத்தைச் சுற்றிக் கோடு கிழித்திருக்கிறது. குளத்தின் உட்பகுதி ஒரு மண்டலம். விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை அடுத்தது. அதற்கப்பால் இன்னொரு 1.5 மீட்டர் மூன்றாவது. குளத்துக்குள் இருக்கும் விளக்குக்கு ஏ.சி. என்றால் 12 வோல்ட், டி.சி. என்றால் 30 வோல்ட்தான் உச்சம். மின்சாரத்தைக் குறைக்கும் பெட்டி இந்த மூன்று மண்டலங்களுக்கும் வெளியே இருப்பதே நல்லது. அதாவது, விளிம்பிலிருந்து குறைந்தது மூன்றரை மீட்டர் தள்ளி, தண்ணீர் தேங்காத உயரத்தில்.

நம் ஊரில் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். காரணம் அலட்சியம் மட்டுமல்ல. பெட்டியைத் தள்ளி வைத்தால் விளக்கு மங்கலாக எரிகிறது! 60 வாட் விளக்குகளுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். 1.5 சதுர மி.மீ. வயரை 30 மீட்டர் இழுத்தால், போகும்போதும் திரும்பும்போதுமாக ஏறத்தாழ மூன்றரை வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். உடனே, “பெட்டியைக் குளத்துப் பக்கம் கொண்டுவந்துடலாம் சார்” என்று யோசனை வரும். வரவே கூடாத யோசனை அது. வயரைத் தடிமனாக்க வேண்டும். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு ஒன்றரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். செலவு கூடும்தான். குளத்துக்கே அவ்வளவு செலவழித்தவர்கள் வயரில் கணக்குப் பார்ப்பதுதான் வேடிக்கை.

பெட்டியிலும் ரகம் உண்டு. அலங்கார எல்.இ.டி. பட்டைகளுக்காகக் கடைகளில் கிடைக்கும், ஓட்டை ஓட்டையான தகரப் பெட்டி இதற்கு ஆகாது. ‘சேஃப்டி ஐசொலேட்டிங் டிரான்ஸ்ஃபார்மர்’ என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் 230 பக்கத்துக்கும் 12 பக்கத்துக்கும் இடையே காப்பு இரட்டிப்பாக இருக்கும். இன்னொரு விஷயம்: பழக்க தோஷத்தில் சிலர் 12 வோல்ட் பக்கத்தையும் எர்த்தோடு இணைத்துவிடுவார்கள். கூடாது. அந்தப் பக்கம் எதோடும் சேராமல் தனித்திருப்பதே பாதுகாப்பு.

ஆனால், குளத்தின் கம்பி ஏணி, கைப்பிடி, பம்ப், தரையில் புதைந்த இரும்புக் கம்பிகள் ஆகியவற்றை ஒரே தாமிர வயரால் ஒன்றோடொன்று இணைத்து, எர்த் கொடுத்தே ஆக வேண்டும். ஏணியும் தரையும் வெவ்வேறு மின் அழுத்தத்தில் இருந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுபவர் வழியாக மின்சாரம் பாயும்.

“எம்.சி.பி. இருக்கே?” என்று கேட்பவர்கள் உண்டு. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும். மனிதனைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. வேண்டும், அதுவும் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியது. 100, 300 என்றிருப்பவை தீ விபத்தைத் தடுக்கத்தான் உதவும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே டிரிப் ஆகவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். மண்ணுக்கடியில் வருகிற இணைப்புகளில் வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவது சந்தேகம். ஜெல் நிரப்பிய நீர்புகா இணைப்பான்கள் இருக்கின்றன. தண்ணீருக்குள் போடும் விளக்கில் ஐ.பி. 68 என்ற குறியீடு இருக்கட்டும். வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.

குளத்தில் இறங்கியதும் உடம்பில் சுருக்கென்று ஏதோ ஊறுவதுபோல் இருந்தால், விளக்கை விட்டு விலகி, கம்பி ஏணியைத் தொடாமல் வெளியேற வேண்டும். யாராவது துடிப்பதைப் பார்த்தால், பதறிப்போய்த் தண்ணீரில் குதிக்காதீர்கள். குதிப்பவருக்கும் அதே கதிதான். முதலில் மெயினை அணையுங்கள், பிறகு காய்ந்த மூங்கில் கழியை நீட்டி இழுங்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் நெஞ்சை அழுத்தும் முதலுதவியையும் செயற்கைச் சுவாசத்தையும் தொடங்குங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் வாட்ச்மேனுக்கும் இன்றே தெரிந்திருக்கட்டும்.