வழி பலவாயினும்

பழநிமலை அடிவாரத்தில் நின்றவர்கள் மேலே செல்ல இரண்டு நடைவழிகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒன்று செங்குத்தாக ஏறும் படிப்பாதை. மற்றொன்று வளைந்து வளைந்து செல்லும் யானைப்பாதை. புவியீர்ப்பை எதிர்த்து நாம் செய்யும் வேலை எவ்வழியில் குறைவு? இரண்டிலும் ஒன்றே என்கிறது கணிதம். அஃது எங்ஙனம் என்பதையும், அவ்விதி எங்கே பொருந்தாது என்பதையும் இன்று காண்போம்.

வளைந்த பாதையில் வேலையைக் கணக்கிட, அப்பாதையை மிகச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு துண்டின் திசையிலும் அமையும் விசைக்கூறினை அத்துண்டின் நீளத்தால் பெருக்கி, யாவற்றையும் கூட்டுகிறோம். துண்டுகள் மேன்மேலும் சிறிதாகும்போது அக்கூட்டுத்தொகை அணுகும் எல்லையே கோட்டுத் தொகையீடு எனப்படும்.

புவியீர்ப்பு கீழ்நோக்கியே செயற்படுவது. ஆகவே கிடையாக எவ்வளவு நடந்தாலும் அது கணக்கில் ஏறாது. உயர்ந்த அளவே ஏறும். இடையிற் சற்று இறங்கினால் அவ்வளவும் கழிந்துவிடும். இறுதியில் எஞ்சுவது தொடக்கத்திற்கும் முடிவிற்கும் உள்ள உயர வேறுபாடு ஒன்றே. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏறினால், எவ்வழிச் சென்றாலும் வேலை 60 × 9.8 × 100 = 58,800 ஜூல். மூச்சு வாங்குவதும் தசை களைப்பதும் வேறு கணக்கு.

படிவழியே ஏறி யானைப்பாதை வழியே இறங்கினால் புவியீர்ப்பின் மொத்தக் கணக்குச் சுழியமாகும். எந்த மூடிய பாதையிலும் தொகை சுழியமாயின், இரண்டு இடங்களுக்கு இடையே செய்யும் வேலை பாதையைச் சாராது. இத்தகைய விசையை ஆற்றல் மாற்றா விசை என்பர். இதற்கு மட்டுமே ஒவ்வோர் இடத்திற்கும் நிலையாற்றல் என ஓர் எண்ணைக் குறிக்க இயலும்.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். நான் ஆசிரியராயிருந்த காலத்தில், "வேலை பாதையைச் சாராது" என்று கரும்பலகையில் பொதுவிதியாகவே எழுதிவிட்டேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நெல் மூட்டையைக் களம் முழுதும் இழுத்துப் பழைய இடத்திற்கே கொண்டு வந்தால், நான் செய்த வேலை ஒன்றுமில்லையா?" என்றான். வகுப்பு நகைத்தது, நானும் அவனை அமரச் சொல்லிவிட்டேன். இரவு எண்ணிப் பார்த்தபோதுதான் அவன் கேட்டது நியாயம் என உணர்ந்தேன். உராய்வு எத்திசையில் சென்றாலும் எதிர்த்தே நிற்கும். 50 நியூட்டன் உராய்வை எதிர்த்து 10 மீட்டர் இழுத்தால் 500 ஜூல். சுற்றுவழியில் 20 மீட்டர் இழுத்தால் 1,000 ஜூல். திரும்பி வந்தாலும் எதுவும் கழிவதில்லை. மறுநாள் அதே வகுப்பின் முன் என் பிழையை ஒப்புக்கொண்டு, அவனையே கரும்பலகையில் விடையை எழுதச் செய்தேன்.

பாதையைச் சார்ந்திருப்பது குறையன்று. 1831-இல் மைக்கேல் பாரடே மின்தூண்டலைக் கண்டறிந்தார். மாறுகின்ற காந்தப்புலம் ஒரு மின்புலத்தைத் தோற்றுவிக்கிறது. அப்புலத்தில் ஒரு மின்னூட்டம் கம்பி வளையத்தைச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்தாலும் புலம் செய்த வேலை சுழியமன்று. வளையத்தில் மின்னோட்டம் பாய்வது அதனாலன்றோ? தெருமுனையில் நிற்கும் மின்மாற்றி இயங்குவதும் இதனாலேயே.

ஆகவே மாணவர்களே, விதியை எடுத்தாளுமுன், "சுற்றி வந்தால் சுழியமாகுமா?" என்று கேளுங்கள். அன்று அம்மாணவன் கேட்டது அதுவே.