இடது பக்கம் ஆள் இல்லை!

உங்க வீட்டு பீரோவைத் திறந்து பாருங்க. அந்துருண்டை வாசத்தோட, வெள்ளைத் துணியில சுத்தி, மேல் தட்டுல பத்திரமா ஒண்ணு தூங்கிட்டு இருக்கும். அம்மாவோட கூறைப்புடவை! தீபாவளி, பொங்கல்னா கூட வெளியே வராது. யாராவது நெருங்கின சொந்தத்துல கல்யாணம்னாதான் தரிசனம். "காஞ்சிபுரம் பட்டுடா, கையில எண்ணெய் இல்லாம தொடு"ன்னு ஒரு எச்சரிக்கை வேற.

சரி, அது காஞ்சிபுரம்தான்னு எதை வெச்சு சொல்றீங்க? கடையில சொன்னாங்க, அவ்வளவுதானே! வாங்க, கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

பேருக்கு ஒரு பேட்டை

முதல்ல ஒரு ஃபாரின் கதை. 1993-ல் ஈவ் செயின்ட் லாரன்ட்ங்கிற பிரபல கம்பெனி, 'ஷாம்பெயின்'னு பேர் வெச்சு ஒரு சென்ட் பாட்டிலை மார்க்கெட்டுல இறக்குச்சு. பிரான்ஸுல ஷாம்பெயின்ங்கிறது ஒரு வட்டாரத்தோட பேர். அந்த மண்ணுல விளைஞ்ச திராட்சையில, அங்கேயே தயாராகிற மதுவுக்கு மட்டும்தான் அந்தப் பேர். 'எங்க ஊர் பேரை நீ எப்படி வைக்கலாம்?'னு அந்த ஊர்க்காரங்க கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சுட்டாங்க. கடைசியில சென்ட்டுக்கே பேர் மாத்த வேண்டியதாப் போச்சு!

அதே மாதிரி ஊர்ப் பேருக்கான பாதுகாப்பு நம்ம ஊருக்கும் உண்டு. அதுக்குப் பேர் புவிசார் குறியீடு. 1999-ல் சட்டம் வந்தது, 2003-ல் அமலுக்கு வந்தது, 2005-ல் காஞ்சிபுரம் பட்டு அந்தப் பட்டியல்ல ஏறிடுச்சு.

ஷாம்பெயின்ல இப்பவும் இயங்குற பழைய கம்பெனிகள்ல ஒண்ணு ரூய்னார். ஆரம்பிச்சது 1729-ல். நம்மாளுங்க கதை அதுக்கும் ரொம்ப முன்னாடி. 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழன் செப்பேடு ஒண்ணு சென்னை மியூசியத்துல இருக்கு. காஞ்சியில இருந்த ஊரகம் கோயிலோட சொத்து, கணக்கு வழக்கைக் கவனிக்கிற பொறுப்பை, அந்த ஊர்ல குடியிருந்த நெசவாளர்கள்கிட்ட கொடுத்ததா அது சொல்லுது. ராஜாவுக்குத் துணி நெய்தவங்க கையிலதான் சாமி கஜானாவும் இருந்திருக்கு!

எதுதான் காஞ்சிபுரம்?

இப்போ ஒரு குழப்பமான கேள்வி. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவுல இருந்து வருது. ஜரிகைக்கு சூரத். அப்போ காஞ்சிபுரத்துல காஞ்சிபுரம் எங்கேதான் இருக்கு?

பாலாத்துத் தண்ணியிலதான் சாயத்துக்கு அந்த மினுமினுப்பு வருதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. இருக்கட்டும். ஆனா அசல் விஷயம் கையில இருக்கு. அதைப் பார்க்க நேரா பிள்ளையார்பாளையம் போகணும்.

பிரான்ஸுல டிக்கெட் வாங்கிட்டு, பூமிக்கு அடியில இருக்கிற பாதாள அறைகளைச் சுத்திப் பார்க்கிறாங்க. 2015-ல் யுனெஸ்கோ அதையெல்லாம் உலகப் பாரம்பரியச் சின்னமாவே அறிவிச்சிருக்கு. நம்ம ஊர்ல டிக்கெட் கிடையாது. ஆனா இங்கேயும் ஒரு பாதாளம் உண்டு. வீட்டோட முன்கூடத்துல தரையைத் தோண்டி வெச்ச ஒரு குழி. அதுல காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதியை மாத்தி மாத்தி மிதிச்சு நெய்யறதுதான் குழித்தறி. மழைக்காலம் வந்தா தொல்லை. குழியில தண்ணி ஊறும், பாவு நமுத்துப்போகும், வேலை நின்னுடும்.

காலையில சீக்கிரம் போனா இன்னொரு காட்சி கிடைக்கும். தெரு நீளத்துக்குப் பாவை விரிச்சுக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையா சரி பண்ணிட்டு இருப்பாங்க. நீளத்துல ஓடற நூல்தான் பாவு. குறுக்கே ஓடறது ஊடை. ஊடை நூலைச் சுமந்துக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிற கட்டைக்குப் பேர் நாடா.

மூணு நாடா, ரெண்டு ஆள்

மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரைன்னு ஒரு புடவையை நினைச்சுக்கங்க. ஒரே நாடா முழு அகலத்துக்கும் ஓடினா என்ன ஆகும்? மஞ்சள் நூல் கரைக்குள்ளேயும் புகுந்து, அரக்கு மங்கிப்போகும். அதுக்குத்தான் மூணு நாடா. உடலுக்கு ஒண்ணு, வலது கரைக்கு ஒண்ணு, இடது கரைக்கு ஒண்ணு. உடல் ஊடையும் கரை ஊடையும் சேர்ற இடத்துல ஒவ்வொரு வரிசையிலேயும் ஒண்ணோட ஒண்ணைக் கோத்து விடணும். இதுதான் கோர்வை!

வலது பக்கம் நெசவாளர். ஆனா இடது கரைக்கு அவர் கை எட்டாதே? அதனால தறியோட இடது பக்கத்துல இன்னொருத்தர் உட்கார்ந்து, அந்த நாடாவைத் தள்ளிக் கொடுக்கணும். வரிசைக்கு வரிசை, நாள் முழுக்க.

முந்திக்கு வேற நிறம்னா அது இன்னொரு பெரிய வேலை. பழைய பாவு இழைகளை எடுத்துட்டு, புது நிறப் பாவை இழை இழையா இணைக்கணும். அதுக்குப் பேர் பிட்னி. இதெல்லாம் சேர்த்து ஒரு புடவைக்கு, டிசைனைப் பொறுத்து, பத்து நாளும் ஆகும், ஒரு மாசமும் ஆகும்.

அந்த இடத்துல யார் இருந்தாங்க?

இங்கேதான் கொஞ்சம் நெஞ்சு கனக்கற மேட்டர். இடது பக்கம் ரொம்ப காலமா உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் குழந்தைங்க. சொந்தப் பிள்ளையா இருக்கலாம். இல்லேன்னா, அப்பா அம்மா வாங்கின முன்பணத்துக்காகத் தறிக்கு வந்த அடுத்த வீட்டுப் பிள்ளையா இருக்கலாம். கடன் தீர்ற வரைக்கும் ஸ்கூல் கிடையாது. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழில்ல சிக்கியிருக்கிற கொத்தடிமைக் குழந்தைகளைப் பத்தி வெளியிட்ட அறிக்கையில காஞ்சிபுரமும் இருந்தது.

அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடந்த பல முயற்சிகளால நிலைமை நிறைய மாறியிருக்கு. அன்னிக்கு இடது பக்கம் உட்கார்ந்த குடும்பங்கள்ல இருந்து இன்னிக்கு காலேஜ் போறாங்க. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு கம்பெனி பஸ்ஸுல ஏறிப் போறாங்க. உங்க கிளாஸ்லயே அப்படி ஒருத்தர் இருக்கலாம். இது நல்ல செய்தி. சந்தேகமே வேண்டாம்.

ஆனா தறியில அந்த இடம் காலி. ஒரு குழந்தைக்குக் கொடுத்த காசுக்கு ஒரு பெரியவர் வந்து உட்காருவாரா? மாட்டார், உட்காரவும் கூடாது. அதனால ஒத்தை ஆளே நெய்யக்கூடிய புடவைகள் பெருகுது. இன்னொரு பக்கம் விசைத்தறி. பார்க்க அதே மாதிரி, விலை ரொம்பக் கம்மி.

கைத்தறியில கோர்வை இல்லாம நெய்த புடவை போலி கிடையாது. அதுவும் உழைப்புதான். ஆனா கோர்வை விலையைக் கொடுத்துட்டு வேற எதையோ வாங்கிட்டு வந்தா, ஏமாந்தது நீங்க மட்டுமில்ல. நிஜமாவே ரெண்டு பேர் உட்கார்ந்து நெய்த வீட்டுக்குப் போக வேண்டிய கூலியும் போச்சு. 'காஞ்சிவரம்' படம் பார்த்திருக்கீங்களா? 2007-க்கான சிறந்த படம், சிறந்த நடிகர்னு பிரகாஷ்ராஜுக்கும் சேர்த்து தேசிய விருது வாங்கின படம். மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவை கொடுக்க முடியாத நெசவாளியோட கதை. நெய்யற கைக்கு நெய்ததே எட்டலைன்னா அந்தத் தொழில்ல யார் இருப்பாங்க?

நீங்க என்ன பண்ணலாம்?

* அடுத்த தடவை அக்கா கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனா, ஓரமா உட்கார்ந்து செல்போனை நோண்டாதீங்க. புடவையைத் திருப்பிப் பாருங்க. கான்ட்ராஸ்ட் கரைக்குள்ள உடல் நிறம் கலக்காம, ரெண்டும் சேர்ற இடத்துல ஊடைகள் கோத்திருந்தா கோர்வை.

* முந்தி ஆரம்பிக்கிற இடத்தை விரலால தடவுங்க. தடிப்பா ஒரு கோடு தட்டுப்பட்டா பிட்னி.

* சில்க் மார்க், பட்டு சுத்தமானதான்னு சொல்லும். கைத்தறி முத்திரை, கையால நெய்ததான்னு சொல்லும். புவிசார் குறியீடு, ஊரைச் சொல்லும். ஆனா கோர்வையைக் கண்டுபிடிக்க உங்க கண்ணும் விரலும்தான் பெஸ்ட்.

* ஒரு லீவு நாள்ல கிளம்புங்க. சென்னையில இருந்து 75 கிலோமீட்டர்தான். கைலாசநாதர் கோயிலைப் பார்த்துட்டு அப்படியே பிள்ளையார்பாளையம். 'டடக் டடக்'னு சத்தம் கேட்கிற வீட்டு வாசல்ல நின்னு கேளுங்க. அனுமதி கிடைச்சா செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போங்க. போட்டோ எடுக்கும் முன்னாடி கேளுங்க. பாவுல கை வைக்காதீங்க.

* டெக்ஸ்டைல்ல ஆர்வமா? சேலத்துல இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960-ல் இருந்தே இருக்கு. நெசவைப் படிப்பாவே படிக்கலாம்.

கடைசியா, கடையில ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதை எத்தனை பேர் நெய்தாங்க?" பதில் சொல்லத் தெரிஞ்ச கடையில வாங்குங்க. இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்க ஆரம்பிச்சா, இடது பக்கத்துக்கும் ஒரு முழுக்கூலி தானா வரும். அப்போ அங்கே உட்காரப் போறது, ஸ்கூலை விட்டுட்டு வந்த ஒரு பிள்ளையா இருக்காது. நல்ல சம்பளம் வாங்கற, வேலை தெரிஞ்ச ஒரு பெரியவரா இருப்பார்.