ஆன்-ரோடு விலைக்குள் என்னென்ன இருக்கிறது?

கார் ஷோரூமில் வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்து முடித்ததும் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் கொட்டேஷன் தாளை நீட்டுவார். கடைசி வரியில் ஒரு தொகைக்கு வட்டம் போட்டிருக்கும். “சார், ஆன்-ரோடு பதினொன்று நாற்பது. எல்லாம் சேர்த்து.” வீட்டில் பேசுவதும், மச்சானிடம் விசாரிப்பதும், மாதத் தவணையைக் கணக்குப் போடுவதும் அந்த ஒரு தொகையை வைத்துத்தான். சிக்கலும் அந்த “எல்லாம் சேர்த்து” என்பதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. தொகையை வரி வரியாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பிரித்துத் தர மறுக்கும் ஷோரூமை விட்டு எழுந்து வந்துவிடலாம். ஊரில் வேறு ஷோரூம் இருக்கும்.

எதிரே உட்கார்ந்திருப்பவரின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் அந்தத் தாளைப் படிப்பது எளிது. பெரும்பாலான ஷோரூம்களில் விற்பனையாளரின் அடிப்படைச் சம்பளம் குறைவு. மாத டார்கெட்டை எட்டினால்தான் இன்சென்டிவ். காரில் டீலருக்கு மிஞ்சுவது குறுகிய லாபம். அதோடு ஒட்டிப் போகும் இன்சூரன்ஸ், லோன், ஆக்சசரீஸ், நீட்டித்த வாரண்டி, பழைய வண்டி எக்ஸ்சேஞ்ச் ஆகியவற்றில்தான் பணம் இருக்கிறது. அதனால் காலை மீட்டிங்கில் டீம் லீடர் கேட்பது “எத்தனை வண்டி?” என்று மட்டும் அல்ல, “எத்தனை இன்சூரன்ஸ், எத்தனை லோன்?” என்றும்தான். காருக்குக் கேட்ட தள்ளுபடியை உடனே தருபவர், இன்சூரன்ஸை வெளியே எடுக்கிறேன் என்றதும் முகம் மாறுவது இதனால்தான்.

இதற்காக அவரை எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல விற்பனையாளர் விலையைச் சொல்லும் முன் கேள்வி கேட்பார். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள்? பின் சீட்டில் வயதானவர்கள் ஏறி இறங்க வேண்டுமா? வண்டி நிற்கும் சந்து எவ்வளவு அகலம்? இதை எதுவும் கேட்காமல் டாப் வேரியன்ட்டில் கொண்டுபோய் நிறுத்துபவர் தன் டார்கெட்டுக்காகப் பேசுகிறார் என்று கொள்ளலாம். “ஃபைவ் ஸ்டார் சேஃப்டி” என்று சொன்னால், பாரத் என்கேப் சோதனையில் எந்த வேரியன்ட்டுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதை அதன் இணையதளத்திலேயே பார்த்துவிடுங்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சோதனையில் பெரியவர்களுக்கு ஒரு மதிப்பீடு, குழந்தைகளுக்கு ஒரு மதிப்பீடு என்று தனித்தனியாக உண்டு.

இனி தாளுக்கு வருவோம். எக்ஸ்-ஷோரூம் விலைக்கு அடுத்த பெரிய வரி லைஃப் டாக்ஸ். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 10 லட்சக் கோட்டில் கவனம் தேவை. வரிக்கு எடுத்துக்கொள்ளும் விலை 9.95 லட்சம் என்றால் வரி சுமார் 1.29 லட்சம், 10.10 லட்சம் என்றால் சுமார் 1.82 லட்சம். சன்ரூஃபுக்காக 15 ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பதாக நினைப்பவர் உண்மையில் 67 ஆயிரத்துக்கு மேல் கொடுக்கிறார். வேரியன்ட் மாற்றச் சொல்லும்போது இந்தக் கணக்கைச் சொல்பவர்கள் குறைவு. 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்று 1 சதவீத வருமான வரியை டீலரே பிடிப்பதும் உண்டு. அது செலவு இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம்.

“ஹேண்டலிங் சார்ஜ்”, “லாஜிஸ்டிக்ஸ்”, “ரிஜிஸ்ட்ரேஷன் செலவு” என்ற பெயர்களில் சில ஆயிரங்கள் உட்கார்ந்திருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிப்படி சொந்த உபயோகக் காரைப் பதிவு செய்யும் கட்டணம் 600 ரூபாய். லோன் இருந்தால் அதை ஆர்சியில் ஏற்ற 1,500. அரசுக்குக் கட்டியதற்கு ரசீது இருக்கும்; அதைக் கேளுங்கள். ஹேண்டலிங் என்பது டீலர் தன் யார்டில் வண்டியை வைத்திருந்ததற்கு உங்களிடம் கேட்கும் காசு. எழுத்தில் ஆட்சேபித்தால் பெரும்பாலும் தாளிலிருந்து காணாமல் போகும்.

அதிகம் வாதம் நடப்பது இன்சூரன்ஸ் வரியில். “எங்ககிட்ட எடுத்தாதான் சார் ஆஃபர்.” “வெளிய எடுத்தா வாரண்டி போயிடும்.” இரண்டாவது சுத்தப் பொய், வாரண்டிக்கும் பாலிசி எந்தக் கம்பெனியுடையது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. முதலாவதைப் பற்றி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பேசுகிறது: ஒன்றை வாங்க இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை போடுவது கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. ஆக்சசரீஸ் கிட் எடுத்தால்தான் சீக்கிரம் டெலிவரி என்பதும் இதே வகைதான். எந்த இன்சூரன்ஸ் கம்பெனி என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவருடையது. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்குக் கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசு நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். வித்தியாசம் சொந்தச் சேதப் பகுதியிலும் ஆட்-ஆன்களிலும் மட்டும். அந்த இரண்டுக்கும் வெளியே ஒரு விலை வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள். பல சமயம் ஷோரூமே இறங்கி வரும். ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும்: நீங்கள் வெளியில் எடுக்கும் கம்பெனியோடு அந்த டீலரின் ஒர்க்‌ஷாப்புக்கு கேஷ்லெஸ் ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பழைய காரை விற்றுவிட்டு வாங்குபவர்களுக்கு இன்னொன்று. நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை, உங்களோடு வரும். க்ளெய்மே செய்யாமல் 5 ஆண்டு ஓட்டியவருக்கு அது சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதம். பழைய கம்பெனியிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதும்.

லோனில் வட்டி சதவீதத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். 2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கான புதிய கடன்களுக்கு, கடனின் மொத்தச் செலவை ஆண்டுச் சதவீதமாகக் காட்டும் முக்கிய விவரத் தாளை வங்கியும் நிதி நிறுவனமும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பிராசசிங் கட்டணமும், கேட்காமல் சேர்த்த ஆயுள் காப்பீடும் அந்தத் தாளில்தான் வெளியே வரும்.

வண்டியை எப்போது சோதிப்பது? பதிவுக்கு முன்னால். உங்கள் பெயரில் ஆர்சி விழுந்துவிட்டால் மாற்றிக் கேட்பது பெரும்பாடு. ஸ்டாக்யார்டுக்கே போய் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓடோமீட்டரைப் பாருங்கள், டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2325 என்றிருந்தால் 2025இன் 23வது வாரத்தில் செய்த டயர். டயர் தேதி வண்டியின் தேதிக்குச் சில வாரங்கள் முந்தியிருப்பது சகஜம். ஒன்றரை வருடம் முந்தியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். வண்டி தயாரான மாதமும் ஆண்டும் டீலர் தரும் விற்பனைச் சான்றான படிவம் 21இல் இருக்கும். பதிவுக்கு அனுப்பும் முன் அதன் நகலை வாங்கிவிடுங்கள்.

இது வீண் சந்தேகம் இல்லை. 2011 மாடலுக்குப் பணம் கட்டிய கோவாக்காரர் ஒருவருக்கு, ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடிய 2009 தயாரிப்பு வண்டியை டீலர் தள்ளிவிட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில், டீலர் செய்ததற்குத் தயாரிப்பாளரான டாடா மோட்டார்ஸ் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தயாரிப்பாளரும் டீலரும் தனித்தனி வியாபாரிகள். கம்பெனிக்கு அது தெரிந்திருந்தது என்று காட்டினால்தான் அவர்களையும் பிடிக்க முடியும். பெரிய கம்பெனி பெயர் போர்டில் இருக்கிறதே என்று நம்பி வாங்குபவர்கள் இந்தத் தீர்ப்பை மனதில் வைக்க வேண்டும். உங்களுக்கு விற்றவர் டீலர்.

பணத்தை டீலர் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். “மாசக் கடைசி சார், என் நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, நான் கட்டிடறேன்” என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்தப் பையன் நல்லவனாகவே இருக்கலாம். அவன் வேலையை விட்டுப் போனால் ஷோரூம் கணக்கில் உங்கள் பணம் இருக்காது. எக்ஸ்சேஞ்சில் விட்ட பழைய வண்டியும் அப்படித்தான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் வெற்றாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலர் என்றால், வண்டியை ஒப்படைத்ததைப் போக்குவரத்துத் துறை தளத்தில் படிவம் 29சி வழியாகப் பதிவு செய்து ஒப்புகை எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பனையாளர் வேலையில் இருப்பவர்களுக்கும் இதில் சேதி உண்டு. ஒத்துக்கொண்ட தள்ளுபடியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பிறகு மேனேஜர் மறுத்தால் வாடிக்கையாளர் கத்துவது உங்களிடம்தான். மேலிடத்து ஒப்புதலை மெயிலில் வாங்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள். இன்சென்டிவ் திட்டத்தையும் எழுத்தில் கேளுங்கள்; டார்கெட் பாதி மாதத்தில் மாறினால் அந்தத் தாள்தான் கை கொடுக்கும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியதும் அவர்களில் பலருக்குத் தெரியாது.

தகராறு வந்தால் முதலில் டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மெயில். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. லோன் புகார் என்றால் வங்கிக்கு எழுதி 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. எதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய வண்டிக்கு அங்கேயே வழக்குப் போடலாம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. கெடு 2 ஆண்டு. சர்வீஸ் அட்வைசரும் மேனேஜரும் “அடுத்த வாரம் பாத்துக்கலாம் சார்” என்று இழுக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். அதை நம்பிக் காத்திருக்காமல் முதல் மெயிலுக்குப் பதில் வராத மாதத்திலேயே புகாரைத் தயார் செய்துவிடுங்கள்.