முதல் கமரா வாங்குமுன்: கெனன் 1500டி யாருக்குப் போதும், யாருக்குப் போதாது?

“எந்தக் கமரா வாங்கலாம் அக்கா?” என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான். வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்புகிறார் என்றால் ஒரு பதில். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தோ தவணைக்கு எடுத்தோ வாங்கப்போகிறார் என்றால் வேறு பதில். 2022இல் டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டிப் போன பிறகு, ‘ஆரம்பநிலை’ என்று சொல்லி விற்கப்படும் கமராகூட எங்கள் வீடுகளில் ஒரு பெரிய செலவாகிவிட்டது. சாமத்திய வீடு, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று நாலு இடத்தில் படம் பிடித்து அந்தக் காசைத் திருப்பி எடுக்கவேண்டும். சிலருக்கு அதோடு வேறொரு எண்ணமும் இருக்கிறது. ஊரில் நடப்பதைப் பதிவுசெய்து வைக்கவேண்டும் என்று நினைக்கிறார்கள்.

இப்படி வருபவர்களுக்குக் கடைகளில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது கெனன் 1500டி. 2018 பெப்ரவரியில் அறிமுகமான டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கமரா இது. வேறு நாடுகளில் 2000டி என்றும் ரெபெல் டி7 என்றும் விற்கப்படுவது இதே கமராதான். யூரியூப்பில் விமர்சனம் தேடுபவர்கள் அந்தப் பெயர்களிலும் தேடலாம். பற்றரி, மெமரி காட் எல்லாம் சேர்த்து சுமார் 475 கிராம் நிறை. செக்கனுக்கு மூன்று படங்கள். ஒரு பற்றரியில் ஏறக்குறைய 500 படங்கள் எடுக்கலாம்.

கடைக்காரர் முதலில் சொல்வது 24.1 மெகாபிக்சல் என்பதை. அந்த எண்ணில் மயங்கத் தேவையில்லை. இன்று ஐம்பது, நூறு மெகாபிக்சல் என்று சொல்லும் கைத்தொலைபேசிகள் இருக்கின்றன. 24 மெகாபிக்சல் படத்தை 20 அங்குல அகலத்துக்கு நல்ல தரத்தில் அச்சிடலாம். திருமண அல்பத்துக்கு அது தாராளம். பார்க்கவேண்டியது சென்சரின் அளவு. 1500டியின் சென்சர் 22.3 மில்லிமீற்றர் அகலம், 14.9 மில்லிமீற்றர் உயரம். சாதாரண கைத்தொலைபேசியின் சென்சரைவிட இது பல மடங்கு பெரியது. மழை பெய்யும்போது முற்றத்தில் கிண்ணத்தை வைத்தால் சேரும் தண்ணீரும் கிடாரத்தை வைத்தால் சேரும் தண்ணீரும் ஒன்றல்லவே. வெளிச்சமும் அப்படித்தான் சேர்கிறது. பொழுது சாயும் நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் மனிதர்களைப் படம் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அசையாத பொருள் என்றால் கதை வேறு. தொலைபேசி பல படங்களை எடுத்து ஒன்றாக இணைத்து, சில நேரம் கமராவைவிட அழகாகவே காட்டிவிடும்.

இனி, கடையில் சொல்லாத குறைகள்.

வீடியோதான் உங்கள் நோக்கம் என்றால் இந்தக் கமராவை வாங்காதீர்கள். முழு எச்.டி. தரத்தில் பதியும், உண்மை. ஆனால் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆள் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்தால் போகஸ் தானாகப் பின்தொடராது. வெளி மைக் செருக இடமே இல்லை. திரை ஒரே இடத்தில் நிற்பது, திருப்ப முடியாது, தொட்டு இயக்கவும் முடியாது. ஒரு தாயின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்யும்போது படத்தைவிடக் குரல் தெளிவாக வேண்டும். அதற்குக் கையில் இருக்கும் தொலைபேசியும், சட்டையில் குத்தும் ஒரு மலிவான மைக்கும் 1500டியைவிட நன்றாகச் செய்யும். வீடியோவும் படமும் இரண்டும் வேண்டும் என்பவர்கள் கெனன் 200டியைப் பாவித்த நிலையில் தேடலாம். அதில் மைக் துளை உண்டு, திரை திரும்பும், வீடியோவில் போகஸும் பின்தொடரும்.

அடுத்தது கலியாண வீட்டுத் தொழிலுக்குப் போக இருப்பவர்களுக்கு. கமராவின் தலையில் வெளி பிளாஷ் பொருத்தும் இடத்தில், பழைய மொடல்களில் நடுவே ஒரு வட்டத் தொடுமுனை இருக்கும். 1500டியில் கெனன் அதை எடுத்துவிட்டது. அந்த முனையை மட்டும் நம்பி வேலை செய்யும் மலிவான பிளாஷ்களும் ட்ரிகர்களும் இதில் இயங்கா. கெனனுக்கென்றே செய்யப்பட்ட பிளாஷ் வேண்டும். பாவித்த பிளாஷ் ஒன்றை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் கமரா வாங்க முன் அதைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

போகஸுக்கு ஒன்பது புள்ளிகள் மட்டும். அவற்றில் நடுவில் இருப்பதுதான் நம்பத்தகுந்தது. வெளிச்சம் குறைந்த இடத்தில் அந்த நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, முகத்தில் வைத்து, பொத்தானை அரைவாசி அமத்திப் பிடித்தபடி சட்டகத்தைத் திருத்திக்கொள்ளப் பழகுங்கள். ஒரு வாரத்தில் கை வந்துவிடும்.

கமராவோடு வரும் 18-55 லென்ஸைப் பலர் குறை சொல்வார்கள். பகல் வெளிச்சத்தில் அது போதுமான லென்ஸ். வாங்கும்போது அதில் ‘ஐஎஸ்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி இல்லாத இன்னொரு 18-55உம் சந்தையில் உண்டு. அந்த லென்ஸ் திணறுவது இரவில்தான். முழுவதும் நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்பது, பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். நினைவேந்தலில் ஒரு தீபத்தின் ஒளியில் தெரியும் முகத்தை, பிளாஷ் அடித்து அந்த இடத்தின் அமைதியைக் குலைக்காமல் எடுப்பதற்கு இந்த லென்ஸ்தான் உதவும். கெனனின் லென்ஸ்களில் மிக மலிவானவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் இந்தக் கமராவில் அது 80 மில்லிமீற்றர் லென்ஸ்போல் நெருக்கிக் காட்டும். சிறிய வீட்டின் விறாந்தையில் குடும்பம் முழுவதையும் எடுக்கப் பின்னுக்குப் போக இடம் இருக்காது. அப்போது பழைய 18-55ஐயே போடவேண்டியதுதான்.

புதிய உடலுக்குக் கடன்படுவதைவிட, பாவித்த 1500டி ஒன்றும் இந்த 50 மில்லிமீற்றர் லென்ஸும் வாங்குவது நல்லது என்பது என் கருத்து. பாவித்தது வாங்கும்போது லென்ஸின் ஒரு பக்கத்தில் தொலைபேசி டோர்ச்சை அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சணம்; எங்கள் காலநிலையில் இது சாதாரணம், வாங்காதீர்கள். பிறகு எஃப் 22 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சரில் தூசி. அது துடைக்கக்கூடியது, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

நிக்கோன் பக்கம் சாய்பவர்களுக்கு டி3500. செக்கனுக்கு ஐந்து படங்கள், ஒரு பற்றரியில் 1,500க்கு மேல். மின்சாரம் நம்பமுடியாத இடங்களில் அது பெரிய விஷயம். அதிலும் மைக் துளை இல்லை. வைஃபை இல்லை, புளூடூத் மட்டும். பழைய நிக்கோன் லென்ஸ்கள் சிலவற்றில் தானியங்கிப் போகஸ் இயங்காது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியவையே வேண்டும். ‘எஸ்.எல்.ஆர். காலம் முடிந்துவிட்டதாமே’ என்ற கேள்விக்கு: ஆம், இரண்டு நிறுவனங்களும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களுக்கு மாறிவிட்டன. அதனால்தான் பாவித்த எஸ்.எல்.ஆர். மலிந்திருக்கிறது. கெனன் லென்ஸை நாளை ஒரு அடப்டர் போட்டு அவர்களுடைய மிரர்லெஸ் கமராவிலும் பாவிக்கலாம்.

இந்தக் கமராவால் செய்யக்கூடிய ஒரு வேலையைப் பற்றி எந்த விமர்சனத்திலும் நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்களில் அதுவே முதல் வேலையாக இருக்கலாம்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அவர்கள் கையில் ஏந்தும் படங்களைக் கவனித்துப் பாருங்கள். பல படங்கள் மங்கியவை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பங்கள் பங்கருக்குள்ளும் பாதையோரத்திலும் போய்விட்டன. மிஞ்சியது ஒரு அடையாள அட்டை, அல்லது யாரோ ஒருவருடைய கலியாண வீட்டுக் குழுப்படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்கும் ஒரு முகம். அதைத் தொலைபேசியால் எடுத்து, வட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து பெருப்பித்து அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் முகம் இன்னும் கொஞ்சம் கரைந்து போகிறது.

1500டியோடு வரும் 18-55 லென்ஸ், சென்சரிலிருந்து 25 சென்ரிமீற்றர் தூரம்வரை கிட்டப் போகும். முழுவதும் நீட்டி அந்தத் தூரத்தில் வைத்தால் ஏறக்குறைய ஆறரை சென்ரிமீற்றர் அகலமான பொருள் சட்டகத்தை நிரப்பும். மூன்று சென்ரிமீற்றர் அகலமான ஒரு அடையாள அட்டைப் படம் 2,700 பிக்சல்களுக்கு மேல் பதிவாகும். அதை ஒன்பது அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். அட்டையில் இல்லாத விபரத்தைக் கமரா கொண்டுவராது. இருக்கும் விபரம் தொலையாமல் வந்துவிடும்.

செய்முறை கடினமானதல்ல. படத்தை ஜன்னலோரம் ஒரு மேசையில் தட்டையாக வையுங்கள். நேரடி வெயில் வேண்டாம். கமராவை முக்காலியிலோ, புத்தகங்களை அடுக்கியோ, படத்துக்குச் சமாந்தரமாக நிறுத்துங்கள். லென்ஸின் முனை படத்துக்கு மிகக் கிட்ட வரும் என்பதால் வெளிச்சம் பக்கத்தால் வரவேண்டும், இல்லாவிட்டால் கமராவின் நிழலே விழும். பிளாஷ் கூடாது. ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 8. திரையில் பத்து மடங்கு பெருப்பித்து, கண்ணிமை தெரியும்வரை கையால் போகஸ் செய்யுங்கள். பிறகு இரண்டு செக்கன் டைமரில் வைத்து விரலை எடுத்துவிடுங்கள். பழைய அடையாள அட்டைகளின் பிளாஸ்டிக் உறை பளபளத்தால், கமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துப் பாருங்கள். உறையைக் கிழித்துப் படத்தை வெளியே எடுக்க ஒருபோதும் முயலவேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. மங்கிய முகத்தை ஒரு நொடியில் தெளிவாக்கித் தரும் செயலிகள் இப்போது பரவியிருக்கின்றன. அவை செய்வது, இல்லாத கண்ணையும் வாயையும் ஊகித்து வரைவது. வீட்டுச் சுவரில் மாட்ட அது ஒரு ஆறுதல் என்றால் அது அந்தக் குடும்பத்தின் விருப்பம். ஒருவரைத் தேடுவதற்குக் கொடுக்கும் படத்தில் அது நடக்கக்கூடாது. அது அவருடைய முகமல்ல.

ஊரில் நடப்பவற்றைப் பதிவுசெய்ய நினைப்பவர்கள் கமராவை வாங்கிய அன்றே திகதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். பற்றரியைக் கழற்றி வைத்தாலோ முழுவதும் தீர்ந்துபோனாலோ அது அழிந்துபோகலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒவ்வொரு படத்தினுள்ளும் அந்த நேரம் எழுதப்படுகிறது. பின்னொருநாள் ‘இது எப்போது எடுத்தது’ என்று யாராவது கேட்டால் உங்களுக்கு இருக்கும் முதல் பதில் அதுதான். முக்கியமான இடங்களில் ஜேபெக்கோடு றோ கோப்பையும் சேர்த்துப் பதியுங்கள். ஒரு றோ கோப்பு ஏறக்குறைய 25 எம்.பி. வரும், தொடர்ந்து அமத்தினால் பத்துப் படத்தோடு கமரா மூச்சு வாங்கும். இருந்தாலும் அதில் கைவைத்துத் திருத்துவது கடினம் என்பதால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. வட்ஸ்அப்பில் வழமைபோல் படமாக அனுப்பினால் அது சுருங்கும், உள்ளே இருந்த தகவலும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொலைபேசியை உயர்த்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கறுப்பு நிறப் பெரிய கமராவை உயர்த்தினால் எல்லாரும் பார்ப்பார்கள், சிவில் உடையில் நிற்பவர்களும் பார்ப்பார்கள். நினைவேந்தல்களிலும் போராட்டங்களிலும் படம் எடுப்பவர்களைப் படம் எடுப்பது வடக்கு கிழக்கில் புதிதல்ல. 1979ஆம் ஆண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலும் எங்களுக்குத் தெரியும். படைமுகாம் வேலிகளின் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள், தனியாகப் போகாதீர்கள். படங்களை அழிக்கச் சொல்லி வற்புறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம், அழியுங்கள். அந்த மெமரி காட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதில் மேற்கொண்டு எதையும் எடுக்காதீர்கள். மேலே வேறு படம் பதியாதவரை, அழித்தவற்றைக் கணினியில் மீட்டெடுக்கும் வாய்ப்புப் பெரும்பாலும் இருக்கும்.

அழும் முகத்தை எடுக்கமுன் கேளுங்கள். அந்த நேரத்தில் கேட்கமுடியாது என்றால் வெளியிடமுன் கேளுங்கள். பல ஆண்டுகளாக அந்த அம்மாக்களை எத்தனையோ கமராக்கள் எடுத்துப் போயிருக்கின்றன. எடுத்த படத்தில் ஒரு பிரதியை அச்சிட்டு அவர்கள் கையில் கொடுத்தவர்கள் மிகச் சிலர்தான்.

எனவே கமராவுக்கு ஒதுக்கிய காசில் ஒரு பகுதியை ஒரு நல்ல மெமரி காட்டுக்கும் ஒரு ஹாட் டிஸ்க்குக்கும் வைத்திருங்கள். கமராவையும் லென்ஸையும் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பக்கற்றுகளோடு வையுங்கள். படங்களை ஆண்டு, மாதம், ஊர் என்று பெயரிட்டுப் பிரித்து, இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றது வேறொரு ஊரில், நீங்கள் நம்பும் உறவினர் ஒருவரின் வீட்டில் இருக்கட்டும்.